தருமபுரியிலிருந்து கடற்கரைக்கு: மூன்று நாள் வேன் சுற்றுலா ஒன்றின் மதிப்பீடு

தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களில் எங்கே நின்று பார்த்தாலும் கண்ணுக்குத் தெரிவது மலைதான். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ஓர் இரவு முழுவதும் பயணம் செய்ய வேண்டும். அதனால் எங்கள் பகுதிக் குடும்பங்களில் பலருக்குக் கடல் என்பது, வேளாங்கண்ணிக்கு வேண்டுதல் தீர்க்கப் போனபோதோ, சென்னைக்கு மருத்துவமனை வேலையாகப் போனபோதோ அரைமணி நேரம் கால் நனைத்த நினைவாக மட்டுமே இருக்கிறது. இந்தக் குறையைத் தீர்ப்பதாகச் சொல்லி, தருமபுரியிலிருந்து வெள்ளிக்கிழமை இரவு கிளம்பித் திங்கட்கிழமை இரவு திரும்பும் கடற்கரைச் சுற்றுலா ஒன்றை ஒரு நிறுவனம் நடத்துகிறது. மாமல்லபுரம், ஆலம்பரைக் கோட்டை, புதுச்சேரி, அரிக்கமேடு, பிச்சாவரம், சிதம்பரம், தரங்கம்பாடி, பூம்புகார் என்று எட்டு இடங்கள் அவர்களுடைய துண்டறிக்கையில் இருந்தன. தங்கும் அறை, காலை உணவு, மதிய உணவு, நுழைவுக் கட்டணம், பிச்சாவரம் படகுக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 7,200 ரூபாய். தை மாதக் கடைசியில் நான், என் மனைவி, ஏழாம் வகுப்புப் படிக்கும் மகன், எழுபது வயதைக் கடந்த என் அம்மா ஆகிய நால்வரும் போய்வந்தோம். நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இதே தடத்தில் இதே முறையில் வேன் விடுபவர்கள் பலர் இருப்பதால், நான் சொல்லும் நிறைகுறைகள் எவரிடம் பதிவு செய்பவருக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பதினேழு இருக்கை வேனில் பதினான்கு பேர்தான் ஏற்றப்பட்டோம். சொன்ன எண்ணிக்கைக்கு மேல் ஒருவரையும் திணிக்கவில்லை. அரூர், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என்று போகும் அந்த இரவுப் பாதையில் ஓட்டுநர் ஒரு முறைகூட வேகத்தைக் காட்டவில்லை. நாங்கள் இடங்களைச் சுற்றிப் பார்த்த நேரங்களில் அவர் தவறாமல் தூங்கி எழுந்தார். சுற்றுலா வண்டிகளின் விபத்துச் செய்திகளை வாசித்து வாசித்துப் பயந்துபோயிருக்கும் எனக்கு, அவர் தூங்கியதைப் பார்த்ததே பெரிய ஆறுதலாக இருந்தது. அம்மாவுக்கு அடிக்கடி இறங்க வேண்டியிருக்கும் என்று புறப்படும்போதே சொல்லியிருந்தோம். முகம் சுளிக்காமல், சுத்தமான கழிப்பறை உள்ள பெட்ரோல் பங்குகளாகப் பார்த்து நிறுத்தி, "அம்மா, மெதுவா இறங்குங்க, அவசரமில்ல" என்று ஒவ்வொரு முறையும் படிக்கட்டருகே வந்து நின்றார். வயதானவர்களை அழைத்துச் செல்பவர்கள் பின்வரிசை இருக்கையை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டாம். அங்கே குலுக்கல் அதிகம்.

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே மாமல்லபுரம் போய்ச் சேர்ந்துவிட்டோம். நினைவுச் சின்னங்களின் வாயில் ஆறு மணிக்குத் திறக்கிறது. எங்கள் குழுதான் முதலில் உள்ளே போனது. இந்தப் பயணத்திலேயே நிறுவனம் செய்த மிகச் சிறந்த காரியம் இதுதான் என்பேன். கடற்கரைக் கோயிலை எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியவன் இராசசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மன். அங்குள்ள சிவன் சன்னதிகள் இரண்டில் பெரியது கிழக்கே கடலைப் பார்த்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே பள்ளிகொண்ட திருமால் இருக்கிறார். கடலிலிருந்து எழும் முதல் வெளிச்சம் அந்தக் கருவறைக்கு நேராக விழும்போது, உப்புக்காற்றில் தேய்ந்து மழுங்கிய கல்லிலும் செதுக்கல்களின் மேடுபள்ளங்கள் தெளிவாகத் தெரிகின்றன. பத்து மணிக்கு மேல் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டால் அதே கல் வெறும் சாம்பல் நிறமாகத் தட்டையாகிவிடும். ஐந்து இரதங்களுக்கும் பெரிய தவச் சிற்பப் பாறைக்கும் போய் முடித்தபோது ஒன்பதரை மணி. அந்தப் பாறையில் ஒற்றைக்காலில் கைதூக்கித் தவம் செய்யும் பூனையையும், அதை நம்பிச் சுற்றி நிற்கும் எலிகளையும் என் மகன்தான் முதலில் கண்டுபிடித்து ஆயாவுக்குக் காட்டினான். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. அந்தத் தொகையை நிறுவனம் பேசாமல் கழித்துக் கொடுத்ததையும் குறிப்பிட வேண்டும்.

ஆனால் அங்கேயே முதல் குறையும் தொடங்கியது. மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே சாளுவன்குப்பத்தில், 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் 2005-இல் வெளிப்பட்ட முருகன் கோயிலின் அடித்தளம் இருக்கிறது. சங்க காலத்துச் செங்கல் கட்டுமானத்தின் மேல் பல்லவர் காலத்துக் கருங்கல் பணி எழுந்திருப்பதை ஒரே இடத்தில் பார்க்கலாம். பக்கத்திலேயே புலிக்குகை. வேன் அங்கே போய்வர அரைமணி நேரம் போதும். நான் கேட்டபோது, "அது நம்ம பிளான்ல இல்லீங்க சார்" என்றார் உடன்வந்த வழிகாட்டி இளைஞர். அவர் சொன்னது உண்மைதான். துண்டறிக்கையில் அந்த இடம் இல்லை. அதற்குப் பதிலாக, துண்டறிக்கையிலேயே இல்லாத சங்கு மணிக் கடை ஒன்றில் ஒரு மணி நேரம் நிறுத்தினார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கடைக்காரர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார், எவரையும் வற்புறுத்தவில்லை. என்றாலும், பணம் கட்டி வருபவர்களின் காலை நேரம் அவர்களுடையது. அதில் எதற்கு எவ்வளவு போகப்போகிறது என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

அந்த ஒரு மணி நேரத்தின் விலையை ஆலம்பரையில் கொடுத்தோம். கடப்பாக்கம் அருகே, கழிமுகமும் கடலும் சேரும் இடத்தில் இருக்கும் அந்தக் கோட்டை முகலாயர் காலத்தது. நாணயம் அச்சடித்த இடம். உப்பும் சரிகைத் துணியும் கப்பலேறிய துறை. 1750-இல் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுக்கப்பட்டு, 1760-இல் ஆங்கிலேயரால் கைப்பற்றப்பட்டுத் தகர்க்கப்பட்டது. இன்று செங்கல்லும் சுண்ணாம்புமாக இடிந்த மதில்களும், அவற்றைப் பிளந்துகொண்டு வளர்ந்த மரங்களின் வேர்களும், கீழே அலையாத கழித்தண்ணீரில் மிதக்கும் மீன்பிடிப் படகுகளும்தான் மிச்சம். பார்க்க அவ்வளவு அழகான இடத்தில் எங்களைப் பிற்பகல் ஒரு மணிக்கு இறக்கிவிட்டார்கள். நிழல் என்று சொல்ல ஒன்றுமில்லை. தை மாதமாக இருந்தும் மணல் சுட்டது. என் மனைவியும் அம்மாவும் வேனைவிட்டு இறங்கவே இல்லை. இறங்கியவர்களும் கால்மணி நேரத்தில் திரும்பிவிட்டார்கள். இதே இடத்துக்கு மாலை நாலரைக்கு வந்திருந்தால் மதில் நிழல் கிழக்கே நீண்டு விழுந்திருக்கும், கடற்காற்றும் இருந்திருக்கும். இடிபாடுகளைப் பார்ப்பதற்கு ஏற்ற நேரம் விடியலும் சாயங்காலமும்தான். நடுப்பகலை வேனுக்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்க வேண்டும். எங்கள் ஊரில் ஆடுமேய்ப்பவர்களும் களத்துமேட்டு வேலைக்காரர்களும் ஒவ்வொரு நாளும் வகுத்துக்கொள்ளும் கணக்குத்தான் இது. சுற்றுலாத் திட்டம் போடுபவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஆலம்பரைக்குப் போகிறவர்கள் மதில்மேல் பிள்ளைகளை ஏறவிடாதீர்கள். பல இடங்களில் செங்கல் பிடிமானமின்றித் தொங்குகிறது.

புதுச்சேரியில் கொடுத்த அறை சுத்தமாக இருந்தது. மின்தூக்கி, வெந்நீர் இரண்டும் வேலை செய்தன. மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை என்பதால், பிள்ளைகளைப் பற்றிய கவலையின்றி அம்மா அந்தச் சாலையில் நெடுநேரம் நடந்தார். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் செதுக்கிய கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்று நான் சொன்னதும், முந்தைய இரவு இருட்டில் கடந்துவந்த அந்த மலைக்கோட்டை ஊரா என்று கேட்டு, தூணைத் தொட்டுப் பார்த்தார். துறைமுகம் கட்டியபின் இந்தக் கரையில் மணல் அரிக்கப்பட்டு, கருங்கல் கொட்டித்தான் பல ஆண்டுகள் ஊரைக் காத்தார்கள். அண்மை ஆண்டுகளில் கடலுக்குள் அமைத்த செயற்கைத் திட்டின் உதவியால் ஒரு பகுதியில் மணல் திரும்பியிருக்கிறது. நகரம் பற்றி எழுத வேறு பலர் இருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப்பட்டது அரிக்கமேடு.

துண்டறிக்கையில் எழுதியிருந்தும் அரிக்கமேட்டைக் காட்டவில்லை. "அங்க பார்க்க ஒண்ணுமே இருக்காது சார்" என்று வழிகாட்டி சொன்னார். ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஓர் ஆட்டோ பிடித்து நானும் மகனும் தனியே போனோம். காலை உணவுக்குள் திரும்பிவிட்டோம். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் மாந்தோப்புக்கும் பனைகளுக்கும் நடுவே இருக்கும் மேடு அது. இப்போது தரைக்கு மேலே நிற்கும் செங்கல் சுவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பிரெஞ்சு மறைப்பணி இல்லத்தினுடையவை. 1945-இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டி, மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடித் துண்டுகளையும் இத்தாலியப் பளபளப்புப் பானை ஓடுகளையும் எடுத்துத் தென்னிந்தியத் தொல்லியலுக்கே ஒரு காலக்கணக்கை வகுத்துக் கொடுத்த அகழிகள் மூடப்பட்டுவிட்டன. ஆகவே வழிகாட்டி சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அந்த மேட்டில் நின்று, ரோமாபுரியிலிருந்து வந்த சாடி இந்த ஆற்றுவழியாகத்தான் இறங்கியது என்று ஒரு பிள்ளைக்குச் சொல்வதற்கு இரண்டு நிமிடம் போதும். அவன் வாழ்நாளுக்கும் மறக்கமாட்டான். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவிக்கப்பட்டபோது, பார்க்க ஒன்றுமில்லாத ஒரு மேட்டுக்கு எவ்வளவு மதிப்பு இருக்க முடியும் என்பதை நம் மாவட்டத்தார் நன்றாக உணர்ந்தோம். தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அரிக்கமேட்டைக் காட்டாமல் திரும்புவது சரியல்ல.

புதுச்சேரியிலிருந்து தெற்கே போகும்போதுதான் இந்தப் பயணம் எங்களுக்கு வேறொன்றாக மாறியது. கடலூருக்குச் சற்று முன்னே ஒரு பாலம் வந்தது. இது என்ன ஆறு என்று அம்மா கேட்டார். தென்பெண்ணை என்றேன். கிருஷ்ணகிரி அணையில் தேங்கி, காவேரிப்பட்டணத்தைத் தொட்டு, அனுமன்தீர்த்தத்தில் நம் ஆட்கள் ஆடிப் பதினெட்டுக்கு முழுக்குப்போடும் அதே ஆறு. அம்மா ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதன்பிறகு வந்த ஒவ்வொரு பாலத்திலும், "இதுவும் நம்ம தண்ணிதானா கண்ணு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். கெடிலத்துக்கும் வெள்ளாற்றுக்கும் இல்லை என்றேன். சிதம்பரம் தாண்டிக் கொள்ளிடம் வந்தபோது ஆமாம் என்றேன். ஒகேனக்கல்லில் பாறைகளுக்கிடையே விழும் தண்ணீர்தான் மேட்டூரில் தேங்கி, முக்கொம்பில் பிரிந்து, கொள்ளிடம் என்ற பெயரில் இங்கே வருகிறது. ஒகேனக்கல்லுக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, அந்த ஆறு தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடத்தை மட்டுமே அறுபது எழுபது ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு அது கடலில் சேரும் முனையைக் காட்டுவதற்கு இந்தத் தடத்தைவிடப் பொருத்தமான தடம் இல்லை. நிறுவனம் இதை உணர்ந்ததாகத் தெரியவில்லை. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஏறுகிறவர்களுக்கு இந்தக் கடற்கரை யாருடையதோ அல்ல, தங்கள் ஆறுகள் போய்ச் சேரும் இடம் என்று ஒரே ஒரு வாக்கியத்தைத் துண்டறிக்கையில் சேர்த்தாலே போதும். பயணம் தொடங்கும்போதே வேனில் இருப்பவர்கள் வெளியே பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

பிச்சாவரத்தைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட கழிமுகத்தில், சுரபுன்னை மரங்கள் தாங்குவேர்களை நாலாபுறமும் ஊன்றி நிற்கின்றன. வேறொரு பக்கம், சேற்றிலிருந்து விரல்கள்போல் மேலே நீட்டிய மூச்சுவேர்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரமும் இந்தக் காட்டில்தான் இருக்கிறது. அதன் பால் கண்ணில் படக்கூடாது என்று படகோட்டி எச்சரித்தார். ஒகேனக்கல் பரிசலில் சுழன்று சுழன்று பழகிய எங்களுக்கு, துடுப்பு தண்ணீரைத் தொடும் சத்தம் மட்டுமே கேட்கும் இந்தச் சவாரி முற்றிலும் வேறான அனுபவமாக இருந்தது. துடுப்புப் படகையே கேளுங்கள். இயந்திரப் படகு குறுகலான கால்வாய்களுக்குள் போகாது. படகுக் கட்டணத்தை ஏற்கெனவே வாங்கியிருந்தபடி நிறுவனமே செலுத்திவிட்டது. எங்களிடம் எவரும் கூடுதலாக ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை.

சிதம்பரத்தில் நடராசர் கோயிலுக்கு நண்பகல் தாண்டிப் போய்ச் சேர்ந்ததால் நடை சாத்தியிருந்தது. இதை ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்துகொண்டிருக்கலாம். வெளிப்பிரகாரக் கோபுரங்களை மட்டும் பார்த்துவிட்டு, மதிய உணவுக்குப் போனோம். உணவு மொத்தத்தில் நன்றாகவே இருந்தது. ஒகேனக்கல் ஆற்றுமீனைத் தவிர வேறு மீனைத் தொடாத அம்மா, இரண்டாம் நாள் சங்கரா மீன் குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சைவம் சாப்பிடுபவர்களுக்குத் தனியாகச் சமைத்த பாத்திரமா என்று கேட்டு உறுதிசெய்து பரிமாறியதையும் பாராட்டத்தான் வேண்டும். ஞாயிறு இரவு காரைக்காலில் தங்கினோம். அறை சுமார், கொசு அதிகம். ஊர் அமைதியாக இருந்தது. காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழா நடக்கும் ஊர் இது என்றதும், கிருஷ்ணகிரியிலிருந்து வந்திருந்த மாந்தோட்டக்காரக் குடும்பம் ஒன்று, ஆனி மாதப் பௌர்ணமிக்குத் தங்கள் தோட்டத்துப் பழத்துடன் வருவதாக அங்கேயே முடிவு செய்தது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் தரங்கம்பாடி. இந்த எட்டு இடங்களில் ஒன்றே ஒன்றைத்தான் மறுபடி பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நான் தரங்கம்பாடியைத்தான் தேர்ந்தெடுப்பேன். 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் செய்து டென்மார்க்கு நாட்டார் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை, கடலுக்கு முன்னால் வெளிறிய மஞ்சள் நிறத்தில் தாழ்வாகப் படுத்திருக்கிறது. 1792-இல் கட்டிய நகர வாயிலைத் தாண்டி உள்ளே நுழைந்தால் இராஜ வீதி நேராகக் கடலுக்கே கொண்டுபோய் விடுகிறது. அந்த வீதியின் இருபுறமும் பழைய தேவாலயங்கள் இருக்கின்றன. 1706-இல் இந்தக் கரையில் இறங்கித் தமிழ் கற்று, இங்கேயே அச்சுக்கூடம் அமைத்துத் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட ஜெர்மானிய மறைப்பணியாளர் சீகன்பால்க், 1718-இல் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். தமிழெழுத்து அச்சேறிய வரலாற்றில் இவ்வளவு பெரிய இடம் வகிக்கும் ஊர், காலை ஏழு மணிக்கு வாசல் தெளிக்கும் ஓசை மட்டும் கேட்கும் சிற்றூராக இருப்பது என்னை நெடுநேரம் பேசாமல் நிற்கவைத்தது. 1845-இல் டென்மார்க்கு நாட்டார் இதை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். வணிகம் நாகப்பட்டினத்துக்குப் போனது. ஊர் அப்படியே நின்றுவிட்டது.

கோட்டைக்கு வடக்கே, அலை தொடும் தூரத்தில் மாசிலாமணிநாதர் கோயில். 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயிலின் முன்பகுதியைக் கடல் ஏற்கெனவே கொண்டுபோய்விட்டது. இப்போது கருங்கற்களைக் கொட்டிக் காத்துப் பழுதுபார்த்திருக்கிறார்கள். அம்மா அங்கே கைகூப்பி நின்ற நேரத்தில்தான் வழிகாட்டி, தரங்கம்பாடிக் காற்றில் ஓசோன் அதிகம் என்றும் அதை இழுத்து மூச்சுவிட்டால் நோய் தீரும் என்றும் குழுவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இது பலரும் சொல்லும் பேச்சுதான், ஆனாலும் தவறு. கடற்காற்றின் அந்தத் தனி மணத்துக்குக் காரணம் கடல்பாசிகளும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் கந்தகச் சேர்மம். ஓசோனைச் சுவாசித்தால் நுரையீரலுக்குக் கேடு. ஆஸ்துமா உள்ள ஒரு பெரியவர் எங்கள் குழுவிலேயே இருந்தார். அந்த இளைஞரைத் தனியே அழைத்துச் சொன்னேன். பணிவோடு கேட்டுக்கொண்டார். நல்ல பிள்ளை, அவருக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுப்பது நிறுவனத்தின் கடமை.

இதே கடற்கரையில் நடந்ததையும் எழுதித்தான் ஆக வேண்டும். என் மகன் முழங்கால் அளவுத் தண்ணீரில்தான் நின்றுகொண்டிருந்தான். அடுத்தடுத்து இரண்டு அலைகள் வந்து திரும்பியபோது காலடி மணல் கரைந்து விழுந்தான். திரும்பும் தண்ணீர் அவனை நாலைந்து அடி உள்ளே இழுத்தது. வலை உதறிக்கொண்டிருந்த ஒரு மீனவர் ஓடிவந்து கையைப் பிடித்துத் தூக்கி, "தம்பி, இது ஆறு இல்ல, கால் ஊனி நிக்காத" என்றார். அவருக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். நம் பகுதிப் பிள்ளைகளுக்கு ஆற்றுச் சுழலைத் தெரியும், பாறை வழுக்கலைத் தெரியும். கடலின் பின்னிழுப்பு தெரியாது. வங்கக்கடலின் இந்தக் கரையில் பல இடங்களில் மணல் சட்டென்று சரிந்து இறங்குவதால், கரையோரத்திலேயே அலை பலமாக உடைகிறது. அலைகளுக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் நுரை குறைந்து தண்ணீர் அமைதியாகத் தெரிந்தால், அங்கேதான் நீர் கடலை நோக்கி ஓடிக்கொண்டிருக்கலாம். அதில் அகப்பட்டால் எதிர்த்துக் கரைக்கு நீந்திக் களைத்துப் போகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து அதைவிட்டு வெளியேற வேண்டும். உள்நாட்டிலிருந்து பயணிகளை அழைத்துவரும் எந்த நிறுவனமும் வேனிலிருந்து இறக்குவதற்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும். எங்களிடம் மூன்று நாளில் ஒருவரும் சொல்லவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் முழு மதிப்பெண் தர மறுக்கிறேன்.

பூம்புகாருக்கு அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர்தான். ஆனால் வழியில் மறுபடியும் ஒரு கடை, நீண்ட தேநீர் இடைவேளை என்று நேரம் போய், உச்சி வெயிலில் இறங்கினோம். சோழர் துறைமுகமாகிய காவிரிப்பூம்பட்டினத்தின் பெயரைக் கேட்டால் எங்கள் பக்கத்தில் சிரித்துக்கொண்டே, நமக்கும் ஒரு காவேரிப்பட்டணம் இருக்கிறதே என்பார்கள். ஆனால் அது நிற்பது தென்பெண்ணைக் கரையில். கீழையூரில் அகழ்ந்தெடுத்த செங்கல் படகுத்துறையும், பல்லவனேச்சுரத்தில் வெளிப்பட்ட புத்த விகாரத்தின் அடித்தளமும், அதியமான் தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட காலத்தை ஒட்டி இந்தக் கரையில் எவ்வளவு பெரிய வாழ்க்கை நடந்திருக்கிறது என்பதற்குச் சான்றுகள். இரண்டையும் வேன் நிறுத்தாமல் கடந்துபோனது. 1973-இல் திறக்கப்பட்ட ஏழுநிலைச் சிலப்பதிகாரக் கலைக்கூடத்தை வெளியிலிருந்து மட்டும் காட்டிவிட்டு, நாற்பது நிமிடத்தில் ஏறச் சொன்னார்கள்.

அந்த நாற்பது நிமிடத்தில் அம்மாவைக் கைப்பிடித்துக் கழிமுகம் வரை நடத்திக் கூட்டிப்போனேன். மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடப்பட்டு ஜூன் 12-இல்தான் திறக்கப்படும் என்பதால், நாங்கள் போனபோது ஆற்றில் ஓட்டம் இல்லை. ஒகேனக்கல்லில் பாறையை அதிரவைக்கும் காவிரி, இங்கே ஒரு வாய்க்கால் அகலத்தில், கடலேற்றத்தின் உப்புத்தண்ணீர் தேங்கி நிற்கும் பள்ளமாக இருந்தது. அம்மா குனிந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு. "வர்ற வழியில எல்லாரும் குடிச்சிட்டாங்க, நல்லதுதான்" என்றார். பயணக் குழுவிலிருந்து இன்னும் சிலர் அங்கே வந்து நின்றார்கள். வழிகாட்டி விசில் ஊதும்வரை எவரும் பேசவில்லை.

திரும்பும் வழி விருத்தாசலம், ஆத்தூர், சேலம். தொப்பூர்க் கணவாய் ஏறி இரவு பதினொன்றரைக்குத் தருமபுரியில் இறங்கினோம். சொன்ன நேரத்தைவிட ஒன்றரை மணி தாமதம். அந்த நேரத்தில் பென்னாகரம் பேருந்து கிடைக்காத எங்களை ஓட்டுநரே வீடுவரை கொண்டுவந்து விட்டு, அதற்குப் பணம் வாங்க மறுத்துவிட்டார்.

பணத்துக்கு ஏற்ற சேவையா என்று கேட்டால் ஆம் என்பேன். அறை, வண்டி, உணவு மூன்றிலும் சொன்னதைச் செய்தார்கள். நேரத்தைத்தான் தவறாகப் பங்கிட்டார்கள். பதிவு செய்பவர்கள், எந்த இடத்துக்கு எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்குக் கிளம்புவோம் என்று தாளில் எழுதி வாங்குங்கள். கடை நிறுத்தங்கள் எத்தனை என்று கேளுங்கள். கோயில் நடை நேரத்தைச் சரிபார்த்தார்களா என்றும் கேளுங்கள். மாசி தாண்டிவிட்டால் இடிபாடுகளுக்கு இந்தத் திட்டத்தில் போகாதீர்கள், வெயில் தாங்காது.

ஊர் திரும்பிய வாரமே உரிமையாளரை நேரில் பார்த்து இவ்வளவையும் சொன்னேன். அரிக்கமேட்டை விட்டதற்கு வருத்தம் தெரிவித்தார். தரங்கம்பாடிக் கடற்கரைச் சம்பவத்தைக் கேட்டு உண்மையிலேயே கலங்கினார். ஆடிப் பதினெட்டை ஒட்டி ஒரு பயணம் கேட்டேன்: ஒகேனக்கல்லில் காலை முழுக்கு, இரவுப் பயணம், மறுநாள் விடியலில் பூம்புகார், சாயங்காலம் தரங்கம்பாடி. அவ்வளவுதான், இரண்டே ஊர். பத்துப் பேர் சேர்ந்தால் விடுகிறேன் என்றார். எட்டுப் பேர் சேர்ந்துவிட்டோம். ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள ஜன்னலோர இருக்கையை அம்மாவுக்கென்று இப்போதே எழுதி வாங்கிக்கொண்டேன்.